வீட்டில் பேசுவதற்கு ஓர் அனுமதி

சன்னாசி அண்ணனின் தொண்டையில் இருந்த குரல் அவருடையது அல்ல என்பது, அவருக்கு அறுபது வயது தாண்டும் வரை எங்கள் யாருக்கும் தெரியாது. ஈப்போவின் புந்தோங் பகுதியில் நாங்கள் அதிகம் படிக்காதவர்கள். குரல்களைக் காக்கும் வாரியம் ஒன்று வந்து சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

என் பெயர் பாஸ்கல். என்னிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. அதன் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டியிருக்கிறேன். கோயில் திருவிழா, இலவசக் கண் பரிசோதனை, சேலைக்கடை மலிவு விற்பனை என்று எதுவாக இருந்தாலும் நான் ஓட்டுவேன். சன்னாசி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கில் பேசுவார். எங்களுக்கு நிரந்தர வேலை கொடுத்தவர் கச்சாங் பூத்தே வியாபாரி தனேஷ். கடலை, முறுக்கு, பகோடா, மரவள்ளிச் சீவல் எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் ஊரில் அதுதான் பெயர். "சாயங்காலம் ஆச்சு, வாய் சும்மா இருக்கலாமா?" என்று அண்ணன் மைக்கில் கேட்டால், தெருவில் போகிற சீனர்கூட மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். அப்படி ஒரு குரல். அடிவயிற்றிலிருந்து எழும்பி, வாக்கியத்தின் கடைசியில் மெல்ல இறங்கும்.

அந்தக் குரல் நடிகர் இமயவேந்தனின் குரல் போல இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இமயவேந்தனின் சொத்து என்று யாரும் நினைக்கவில்லை. மூக்கு மாமனைப் போல இருந்தால் மாமனிடம் வாடகை கட்டவா செய்கிறோம்?

குரல் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சன்னாசி அண்ணன் செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சம்பளம் போட்ட வாரம் திடலில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டுவார்கள். துரை பங்களாவில் குளிர்சாதனத்தைத் தட்டினால் போதும், தோட்டத்து மின்சாரம் இளைத்துவிடும். படம் ஓடும், சத்தம் நின்றுவிடும். இமயவேந்தன் வாயை வாயைத் திறந்து மூடுவார். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த இளவட்டம் சன்னாசி, அதே படத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் முந்தின வாரமே பார்த்திருப்பார். திரைக்குப் பக்கத்தில் நின்று, ரப்பர்ப் பால் ஊற்றும் தகரப் புனலை வாயில் வைத்து, வசனத்தை ஒன்றுவிடாமல் பேசுவார். துரைக்குப் புழுக்கம் அதிகம். ஆகவே அந்தத் தோட்டத்தில் இமயவேந்தன் பேசிய வசனங்களில் பாதிக்கு மேல் சன்னாசி பேசியவை.

முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட குமுதா என்ற பெண் அந்தக் குரலைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிறகு இருவரும் ஈப்போவுக்கு வந்தார்கள். அண்ணன் பெண்டாட்டியைப் பெரிய தியேட்டருக்கு அழைத்துப் போனார். துரை இல்லாத தியேட்டர், சத்தம் நிற்கவே இல்லை. இமயவேந்தன் முதல் வசனம் பேசியதும் குமுதா அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"ஏங்க, இந்தாளு என்ன ஒங்கள மாதிரியே பேசறான்? ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டானா?"

தியேட்டரே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. தன் புருஷனின் குரலைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவன் என்பதுதான் கடைசிவரை அந்த நடிகரைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம். வாரியம் முதலில் அக்காவிடம் வந்து விசாரித்திருந்தால் சட்டம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் அக்கா கட்டிலை விட்டு எழுந்து வாரியத்துக்குப் போகும் நிலையில் இல்லை.

சர்க்கரை முதலில் அவர் கண்ணைத் தின்றது, பிறகு ஒரு காலைத் தின்றது. வாசல் அறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். பிள்ளைகள் இல்லை. உலகத்திலிருந்து அக்காவுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் அண்ணனின் குரல் வழியாகத்தான். மழை வருவதை அண்ணன் சொல்லுவார். பக்கத்து வீட்டுச் சண்டையை இரண்டு பேர் குரலிலும் நடித்துக் காட்டுவார். "குமுதா, வாயத் தொற" என்று அவர் சொன்னால்தான் கஞ்சி உள்ளே போகும். வேறு யார் ஊட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார். என் மனைவி ஆலிஸ் எத்தனையோ முறை முயன்று தோற்றுப்போனாள். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் அண்ணனுக்கு மாதம் ஓர் உதவித்தொகையும் வந்துகொண்டிருந்தது. அதுதான் பிறகு அவர் கழுத்துக்கு வந்தது.

இமயவேந்தன் சென்னையில் காலமானார். துக்கம் முடிந்ததும் அவருடைய பிள்ளைகள் அப்பாவின் குரலை ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். கம்பெனி அதைக் கணினிக்குள் ஊற்றி வேலைக்கு அனுப்பியது. உயிரோடிருந்தபோது ஆண்டுக்கு இரண்டு படம் நடித்த மனிதர், செத்த பிறகு தங்கம், சிமெண்டு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று ஓயாமல் உழைத்தார். அந்தக் குரலை இந்தப் பக்கத்தில் யாரும் திருடிவிடாமல் பார்த்துக்கொள்ள ஈப்போவில் குரல் மாண்புக் காப்பு வாரியம் தொடங்கப்பட்டது. ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் அலுவலகம். திறப்பு விழாவில் எல்லாரும் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

வாரிய அதிகாரி பிரமிளா ஒரு மாலையில் எங்கள் வேனை நிறுத்தினாள். முதலில் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கினாள். அதைத் தின்று முடிக்கும் வரை தொலைபேசியில் அண்ணனின் பேச்சைப் பதிவு செய்தாள்.

"அண்ணே, நீங்க இமயவேந்தன் குரல வெச்சு யாவாரம் பண்றீங்க. சட்டப்படி தப்புலா. நாளைக்கு ஆபீசுக்கு வரணும்."

"முறுக்கு நல்லாருந்துச்சாம்மா?" என்றார் அண்ணன். அவருக்கு வந்த பயத்தில் வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"அது ஆதாரம்ண்ணே. சாப்பிட்டுத்தான் உறுதி பண்ணணும்" என்றாள் பிரமிளா.

மறுநாள் போனோம். வாசலில் ஒரு பெரிய பலகை: 'உங்கள் குரல் உங்களுடையதுதானா? உறுதி செய்யப்படும் வரை மௌனம் காக்கவும்.' உள்ளே பத்துப் பதினைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பல் மருத்துவரிடம் போகவேண்டியவர்கள் மாடி மாறி வந்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். ஒரு மிமிக்ரிக் கலைஞர் இருந்தார். கல்யாணத்தில் பாடுகிற ஒரு பெண் இருந்தாள். தும்மல் வந்த ஒரு பெரியவர் அதை அடக்கப் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

குரல் வல்லுநர் கென்னத் எங்களைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப் போனார். வெளிநாட்டில் படித்தவர், பணிவானவர். சுவரில் ஒரு திரை இருந்தது. அண்ணன் "அம்மா" என்று சொன்னார். திரையில் தொண்ணூற்று மூன்று என்று சிவப்பில் வந்தது.

"நூத்துக்குத் தொண்ணூத்து மூணு அங்கிள். ரொம்ப சீரியஸ்" என்றார் கென்னத்.

அண்ணன் வாழ்க்கையில் வாங்கிய மிகப் பெரிய மதிப்பெண் அதுதான். ஒரு கணம் முகம் மலர்ந்தும் விட்டது. நான் சும்மா இருக்காமல், இமயவேந்தனே பேசினால் எவ்வளவு வரும் என்று கேட்டேன். கென்னத் நடிகரின் பழைய பேட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினார். எழுபத்தொன்று வந்தது.

"கடைசிக் காலத்துல சார் வாய்ஸ சரியா மெயின்டெய்ன் பண்ணல. வெத்தல பாக்கு போடுவார்" என்றார் கென்னத்.

"அப்ப எது தம்பி அசல்?"

"கம்பெனி ஃபைல்தான் அங்கிள் அசல்."

செத்தவர் எழுந்து வந்து பேசினால் அவருக்கும் எச்சரிக்கை அனுப்புவார்கள் போல. நான் வாயை மூடிக்கொண்டேன். அங்கே அதுதான் விதியும்கூட.

பிறகு வாரியத் தலைவர் டத்தோ விக்னேஸ்வரன் எங்களைச் சந்தித்தார். டத்தோ என்பது சுல்தான் கொடுத்த பட்டம். இரண்டு பேர் மட்டுமே எதிரில் இருந்தும் எழுந்து நின்றுதான் பேசினார்.

"அன்பார்ந்தவர்களே! குரல் என்பது காற்று அல்ல, சொத்து. நிலத்துக்கு வேலி போடுகிறோம், நாக்குக்குப் போட வேண்டாமா? நான் என் குரலைச் சென்ற ஆண்டே பதிவு செய்துவிட்டேன். இன்றுவரை அதை யாரும் கேட்டு வரவில்லை. ஆனாலும் பத்திரமாக இருக்கிறது! கலைஞன் ஏழையாகச் சாகக் கூடாது என்பதே நம் கொள்கை. இமயவேந்தன் பணக்காரராகத்தான் இறந்தார் என்று சிலர் சொல்லலாம். கொள்கை கொள்கைதான்."

அண்ணன் கைதட்டினார். தோட்டத்தில் வளர்ந்தவர், யார் எழுந்து பேசினாலும் கைதட்டிவிடுவார்.

"இனி உங்கள் சொந்தக் குரலில் பேசுங்கள்" என்றார் டத்தோ.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். முயன்றார். அதே குரல்தான் வந்தது. இன்னொரு முறை முயன்றார். நெற்றியில் வியர்த்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்க ஐயா. எனக்கு இதுதான் இருக்கு. முன்னாடி எப்படிப் பேசினேன்னு ஞாபகம் வர மாட்டேங்குது" என்றார்.

சொந்தக் குரல் இல்லாதவர்களுக்கென்று வாரியம் ஒரு பொதுக் குரல் வைத்திருந்தது. யாருடைய சாயலும் இல்லாத குரல். லிஃப்டில் மாடி எண் சொல்லுவது போல, மூக்கின் நுனியிலிருந்து வரும். கென்னத் அதை வாராவாரம் பயிற்சி கொடுத்து அண்ணன் வாயில் ஏற்றினார். பயிற்சி முடிந்த நாளில், பழைய குரலைப் பணத்துக்காக இனிப் பயன்படுத்துவதில்லை என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். யாராவது பிணை நிற்க வேண்டும் என்றார்கள். நான் என் வேனை எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கையெழுத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அண்ணன்தான் வாசல் வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வீட்ல பேசலாம் இல்லம்மா?"

"வீட்ல தாராளமா பேசலாம்ண்ணே. காசுக்குப் பேசாத வரைக்கும் பிரச்சன இல்ல" என்றாள் பிரமிளா. பிறகு, அவள் வேலையே அது என்பதால், கேட்டாள்: "வீட்ல பேசறதுக்குக் காசு ஒண்ணும் வாங்கலியே?"

"பேசறதுக்கு இல்லம்மா. வீட்டுக்காரிய பாத்துக்கறதுக்கு மாசாமாசம் ஒதவிப் பணம் வருது."

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். தோட்டத்துப் பழக்கம், மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்தாலும் கேட்டதற்கு மேலும் இரண்டு உண்மை சொல்லிவிடுவார்கள்.

"பாத்துக்கறப்ப பேசுவீங்களா?"

"பேசாம எப்படிம்மா? பேசினாத்தான சாப்புடுவா."

பிரமிளா எழுந்து உள்ளே போனாள். டத்தோவும் கென்னத்தும் அவளும் வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது மூவர் முகத்திலும் ஒரு புதிய கண்டுபிடிப்பின் ஒளி இருந்தது. ஊதியம் வருகிறது, வேலை செய்கிறார், அந்த வேலையை இமயவேந்தனின் குரலை வைத்துச் செய்கிறார். ஆகவே சன்னாசி தன் மனைவியிடம் பேசுவது வணிகப் பயன்பாடு.

"பேசாமல் பார்த்துக்கொள்ளத் தடையில்லை" என்று டத்தோ பெருந்தன்மையோடு சொன்னார். "பொதுக் குரலிலும் தடையில்லை."

உதவித்தொகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அந்தப் பணத்தில்தான் அக்காவுக்கு மருந்தும், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வண்டியும். அதை விட்டால் பேச்சு இருக்கும், அக்கா இருக்க மாட்டார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அன்று மத்தியானம் ஆலிஸ் கஞ்சியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் வாசலில் நின்றேன். அண்ணன் கரண்டியை எடுத்து, கற்றுக்கொடுத்த குரலில், "குமுதா, வாயத் தொற" என்றார்.

அக்கா துள்ளி எழப் பார்த்தார். "யாரு? யாரு அது வீட்டுக்குள்ள? ஆலிஸ்! யாரோ ஆம்பள வந்து நிக்கறான்!"

"அண்ணன்தான்க்கா."

"எந்த அண்ணன்? எனக்குத் தெரியாத அண்ணன் எவன்?"

அண்ணன் அவர் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்தார். அக்கா மூக்கைத் தடவினார், மீசையைத் தடவினார், காதில் இருந்த பழைய தழும்பைத் தடவினார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் வெளுத்தது.

"மூஞ்சி அவரு மூஞ்சி மாதிரியே இருக்கு. உள்ள இருக்கறது அவரு இல்ல" என்றார்.

நடந்ததை எல்லாம் ஆலிஸ் எடுத்துச் சொன்னாள். வாரியம், நடிகர், கம்பெனி, உதவித்தொகை. நல்ல புத்தி உள்ளவர் யாராவது அதை நம்புவார்களா? அக்கா நம்பவில்லை. கேட்டு முடித்துவிட்டு அமைதியாகச் சொன்னார்.

"செத்துட்டாரு. எங்கிட்ட மறைக்கறீங்க. இவ்வளவு பெரிய கதையெல்லாம் கட்டாதீங்க ஆலிஸ். நான் தாங்கிக்குவேன்."

தாலியைக் கழற்றச் சொன்னார். யாரும் அசையாததால் தானே கையை உயர்த்தினார். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா, "தொடாதய்யா, நீ யாருன்னே தெரியாது" என்று கையை உதறினார். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் தன் பெண்டாட்டி தனக்காக ஒப்பாரி வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். நான் வெளியே போய் வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

வாரியத்துக்கு மனசாட்சி இல்லை என்று சொல்லக் கூடாது. விஷயத்தைச் சொன்னதும் கென்னத் தானே ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் வைத்தார். உரிமம் பெற்ற இமயவேந்தன் அதற்குள் இருந்தார். வீட்டு உபயோகத் தொகுப்பு என்பதால் இலவசம். இடையிடையே விளம்பரம் மட்டும் வரும். அறையில் வேறு யாராவது அதே குரலில் பேசினால் பெட்டி தானாகவே வாரியத்துக்குச் சொல்லிவிடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பொத்தானை அழுத்தியதும் பெட்டி, "குமுதா, வாயைத் திற" என்றது. கென்னத்தின் கருவியின்படி நூற்றுக்கு நூறு.

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இவன் அந்தப் படத்துக்காரன்" என்றார். "அவரு குரல எடுத்தான். அவரு செத்ததும் வீட்டுக்கே வந்துட்டான். போகச் சொல்லுங்க."

பெட்டி சற்று யோசித்துவிட்டு, இந்தத் தீபாவளிக்குத் தங்கம் வாங்க அழைத்தது.

அக்கா சாப்பாட்டை விட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி வழியாகச் சத்து ஏற்றினார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு பாய்க்குள் பாயாகிவிட்டது. ஒரு நாள் காலையில் நான் அண்ணனைத் தெருவுக்கு இழுத்து வந்து கத்தினேன்.

"பேசுங்கண்ணே! ஒரே ஒரு வார்த்த பேசுங்க. பொட்டிய நான் சாக்கடையில போடறேன்."

"பொட்டியப் போட்டா அதுக்கும் உன் வேனத்தான் எடுப்பானுங்க பாஸ்கல்" என்றார், அந்த லிஃப்டுக் குரலில்.

"வேனு கெடக்குது போங்க!"

"அதில்லப்பா. கேட்டுட்டுப் பேசிடறேன். அதான் முற. தோட்டத்துல இருந்தப்ப பிள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்கே ஆபீசு கிராணிகிட்ட அனுமதித் துண்டு வாங்கிட்டுத்தான போவோம். மனு போட்டிருக்கேன். கூப்புடுவாங்க."

பிள்ளைகள் ஏன் இல்லை என்று நான் முன்னால் சொல்லவில்லை. தோட்டத்தில் அக்காவுக்கு வலி கண்டபோது அந்தத் துண்டு வர நேரமானதால்தான். அந்த மனிதருக்கு அதிலிருந்தும் ஒன்றும் விளங்கவில்லை. துண்டு தாமதமானது என்றுதான் நினைத்தார். துண்டு எதற்கு என்று கேட்கத் தோன்றவே இல்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் அடங்க இன்னும் காலமாகும்.

விசாரணை நாள் வந்தது. ஆலிஸை அக்காவோடு விட்டுவிட்டுப் போனோம். வாரியத்தின் முதல் பொது விசாரணை என்பதால் மண்டபம் அலங்கரிக்கப்பட்டிருந்தது. குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பிரமுகர்களை அழைத்தார்கள். ஐந்தாவது திரி எரியவில்லை. எண்ணெய் வாங்கிவர ஆள் அனுப்பினார்கள். கடவுள் வாழ்த்துப் பாட வந்த பெண்ணின் குரல் சான்று பெறப்படாததால் அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். நாங்கள் எழுந்து நின்று மரியாதை செய்தோம். வரவேற்புரை. பிரமுகர்களுக்குப் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவர்களுக்குப் பொன்னாடை. நிகழ்ச்சி நிரலில் எங்கள் மனு சிறப்புரைக்கும் தேநீருக்கும் நடுவில் இருந்தது.

டத்தோ தலைமையுரைக்கு எழுந்தார்.

"இன்று ஓர் எளிய மனிதர் தன் துணைவியிடம் பேச அனுமதி கேட்டு நம் முன் வந்திருக்கிறார். சட்டத்தின் மேல் எவ்வளவு மரியாதை இருந்தால் ஒருவர் இப்படிக் கேட்பார்! நானாக இருந்தால் கேட்காமலே பேசியிருப்பேன். அதனால்தான் அன்பார்ந்தவர்களே, சட்டத்தை என்னைப் போன்றவர்களின் கையில் கொடுத்திருக்கிறார்கள்."

பலத்த கைதட்டல். அப்போது என் தொலைபேசி அதிர்ந்தது. ஆலிஸ்.

"அக்காவுக்கு மூச்சு ஒரு மாதிரி வாங்குதுங்க. ஆம்புலன்சு கூப்பிட்டுட்டேன். அண்ணன ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க. காதுல வெச்சுக் காட்டறேன். தயவுசெஞ்சு அவரு குரல்ல பேசச் சொல்லுங்க!"

தொலைபேசியை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்றொரு கையைப் பள்ளிக்கூடப் பிள்ளை போல உயர்த்தினார். டத்தோ பார்த்தார், பேச்சை நிறுத்தவில்லை. பிரமிளா வேகமாக வந்து குனிந்து, "என்னண்ணே? ஒங்க நேரம் சிறப்புரைக்கு அப்பறம்தான்" என்றாள்.

"என் சம்சாரம்..." என்றார் பொதுக் குரலில்.

அவள் மேடையைப் பார்த்தாள். மேடை அவளைப் பார்க்கவில்லை. அண்ணனின் கை அப்படியே உயர்ந்து நின்றது. டத்தோ குரலின் வரலாற்றில் கிரேக்கர்கள் வரை வந்திருந்தார். அந்தக் கையை நானே பிடித்து இறக்கினேன். தொலைபேசியை அவர் காதில் அழுத்தினேன்.

"பேசுய்யா!" என்றேன். அவரை நான் அப்படி அழைத்தது அதுவே முதல் தடவை.

அண்ணன் எழுந்து நின்றார்.

"குமுதா."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. வாரக்கணக்காகப் பூட்டி வைத்த குரல், அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்தது.

"குமுதா, நான்தான். நான் சாகல. ஒன் பக்கத்துலதான் இருந்தேன், பேச முடியாமப் போச்சு. இப்ப வாரேன். வந்து எல்லாம் சொல்றேன். எங்கயும் போயிடாத. நான் வாரேன், என்னா? குமுதா? கேக்குதா?"

டத்தோ பேச்சை நிறுத்திவிட்டார். மண்டபச் சுவரிலும் மாட்டியிருந்த குரல் திரை தானாகவே விழித்துக்கொண்டு எண் காட்டியது. கென்னத் அதைப் பார்த்துவிட்டு, "நூறு" என்று தனக்குள் முணுமுணுத்தார். பிரமிளா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பிறகு தொலைபேசியில் ஆலிஸின் அழுகை எனக்கே கேட்டது.

"அண்ணே, நீங்க பேசறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அக்கா போயிட்டாங்கண்ணே. காதுல வெச்சேண்ணே. வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அண்ணன் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

நடந்தது என்னவென்று பிரமிளா மேடையில் போய்ச் சொன்னாள். உடனே ஒரு நிமிட மௌன அஞ்சலி. அதன் பிறகு டத்தோவும் மற்றவர்களும் தலையைச் சேர்த்துக் கலந்து பேசினார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. சிறப்புரையை ரத்து செய்துவிட்டு எங்கள் மனுவை முன்னுக்குக் கொண்டு வந்தார்கள். டத்தோவே கீழே இறங்கி வந்து அண்ணனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். பிறகு தீர்ப்பை நின்றபடி வாசித்தார்.

"மனுதாரரின் துணைவியார் காலமாகிவிட்டதால் அவருக்கான உதவித்தொகை இன்றோடு நிற்கிறது. ஊதியம் இல்லாத இடத்தில் வணிகம் இல்லை. எனவே மனுதாரர் இன்று முதல் தம் வீட்டில் எந்தக் குரலிலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தாராளமாகப் பேசலாம். சற்று முன் இங்கே நிகழ்ந்த விதிமீறலையும் வாரியம் கருணையோடு மன்னிக்கிறது."

கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள்.

அண்ணன் எழுந்தார். வீட்டில்தான் அனுமதி, இது வீடு அல்ல என்பதை அந்த நிலையிலும் மறக்கவில்லை. லிஃப்டில் மாடி எண் சொல்லும் அந்தக் குரலில், பணிவாகக் கேட்டார்.

"யாருகிட்டங்க ஐயா பேசறது?"

டத்தோ பிரமிளாவைப் பார்த்தார். பிரமிளா விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள். கடைசியில் டத்தோதான் எங்களுக்கு விளக்கிச் சொன்னார், அது வாரியத்தின் அதிகாரத்துக்குள் வராது என்று.